மூணு இழை

அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க மடியில் இருக்கிற அந்தப் புஸ்தகம். பச்சை அட்டை, பிள்ளை சிரிக்கிற படம் போட்டது. அதில் நாப்பத்தொண்ணாம் பக்கத்தைத்தானே மடக்கி வச்சிருக்கீங்க? எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்காதீங்க, சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தப் பையைக் கொஞ்சம் உங்க பக்கமாத் தள்ளி வைங்க. கொடி வெளியில் நீட்டிக்கிட்டு இருக்கு. என் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

நீங்க போனில் பேசினதும் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கலை, பக்கத்து சீட்டு, என்ன செய்ய. "அழ விடாத, வந்துக்கிட்டே இருக்கேன், இலை கிடைச்சிட்டு, மூணு போதும்லா"ன்னு மகள்கிட்டச் சொன்னீங்க. எங்க இறங்கணும் உங்களுக்கு? சீதபற்பநல்லூரா? இப்போதான் ஆலங்குளம் தாண்டியிருக்கு. அப்போ இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன். முடிச்சாகணும்.

நான் பஸ்ஸில் யாரோடும் பேசுறவள் இல்லை. என் பேர் பேச்சித்தாய். பேரில் இருக்கிற பேச்சு வாயில் இல்லைன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். டீச்சர் எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்வேன். தெரிஞ்சாலும் தெரியாதுன்னுதான். தெரியும்னு சொன்னா எழுந்து நின்னு சொல்லணும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. தெரியாதுன்னா உட்கார்ன்னு விட்டுடுவாங்க. அப்படியே பழகிடுச்சு. வங்கியில் கேட்டாலும் தெரியாது, ரேஷன் கடையில் கேட்டாலும் தெரியாது. ஒரே ஒரு நாள்தான் தெரியும்னு சொன்னேன். அது வந்து இந்தப் புஸ்தகத்தில் உட்கார்ந்திருக்கு.

ஆமா அக்கா, நீங்க மடக்கி வச்சிருக்கிற அந்த இடம்தான். சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி. அப்போ என் மகன் அஞ்சு மாசப் பிள்ளை. ஒரு காலேஜ் பொண்ணு எங்க தெருவுக்கு வந்தாள். தர்ஷினின்னு பேர், மெட்ராஸ்காரப் பொண்ணு, வெயிலில் முகம் ரத்தமாச் சிவந்து கிடந்தது. தாய்மார்கள் பிள்ளைகளுக்கு என்ன கைமருந்து கொடுக்கிறாங்கன்னு வீடு வீடாக் கேட்டு எழுதுறாளாம். அதை வச்சு ஒரு பெரிய பட்டம் வாங்குவாளாம். போன வீட்டுக்கே திரும்பவும் போயிடக் கூடாதுன்னு கதவில் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கிட்டே வந்தாள். எங்க வீட்டுக்குப் பதினேழு. பச்சைப் பெயின்ட் அடிச்ச கதவில் வெள்ளையாப் பதினேழு. மழை படாத கதவு. அந்த நம்பர் அப்படியே இருந்தது.

நான் பீடி சுத்திக்கிட்டிருந்தேன். மடியில் சுளகு, சுளகில் வெட்டின இலையும் தூளும், தோளில் பிள்ளை. அவள் வாசலில் உட்கார்ந்து கேட்க ஆரம்பிச்சாள். சளிக்கு என்ன கொடுப்பீங்க? தெரியாது. காய்ச்சலுக்கு? தெரியாது. பல் முளைக்கும்போது? தெரியாது. பத்துக் கேள்வி கேட்டிருப்பாள், பத்துக்கும் தெரியாது. பேனாவை மூடிட்டு என் முகத்தையே பார்த்தாள். அழுதிடுவாள் போல இருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணாவது சொல்லுங்க. உங்க தாளைக் காலியா கொண்டுபோனா எங்க மேடம் திட்டுவாங்க."

என்னை யாரும் அப்படிக் கெஞ்சினதில்லை அக்கா. வாயை மூடுன்னு சொன்னவங்களும் இல்லை, பேசுன்னு சொன்னவங்களும் இல்லை. எனக்கு என்னவோ ஆயிடுச்சு. "வயித்து வலிக்கு ஓடைச்சுருளி குடுப்பாங்க"ன்னேன். எவ்வளவுன்னு கேட்டாள். "மூணு இழை"ன்னேன்.

இழைன்னா உங்களுக்குப் புரியுதுல்லா? உரைகல்லில் ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, வேரை இந்தக் கோடியில் வச்சு அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவை தேய்ச்சா ஒரு இழை. மூணு தடவை தேய்ச்சா தண்ணி லேசாக் கலங்கும். அதுதான் மூணு இழை. வேர்ன்னு தனியாச் சொல்லணுமா? இலையை யாராவது கல்லில் இழைப்பாங்களா? ஆனா எங்க பக்கத்தில் அந்த எழுத்துக்கு நாக்கு வளையாது. மழையை மளைன்னுதான் சொல்வோம். பழத்தைப் பளம்னுதான் சொல்வோம். இழை என் வாயில் இளைன்னு வந்தது. அவள் காதுக்கு இலைன்னு போச்சு.

கேளுங்க, முக்கியமானதே இதுதான். அந்தப் பொண்ணு எழுதினதைத் திரும்ப வாசிச்சாள். வாசிக்கலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். "ஓடைச்சுருளி. மூணு இலை. சரிதானேக்கா?"ன்னு கேட்டாள். நான் குனிஞ்சு பார்த்தேன். என் சுளகிலிருந்து மூணு பீடி இலை நழுவி அவள் காலடியில் கிடந்தது. அதைத்தான் சொல்றாள்னு நினைச்சேன். எங்க தெருவில் இலைன்னா பீடி இலை ஒண்ணுதான் அக்கா. செடியில் இருக்கிறதை நாங்க குழைன்னுதான் சொல்வோம். ஆட்டுக்குக் குழை, மாட்டுக்குக் குழை. இலைன்னா கடையிலிருந்து நிறுத்து வாங்கிட்டு வர்ற இலை, ஒண்ணு குறைஞ்சாலும் திட்டு வாங்குற இலை. அதான் "ஆமா, மூணு"ன்னு சொல்லி எட்டி எடுத்துக்கிட்டேன்.

அவள் சந்தோஷமாப் போயிட்டாள். கதவில் பதினேழு போட்டது அதுக்கு அப்புறம்தான்.

என்ன கேட்டீங்க? என் பிள்ளைக்கு நான் கொடுத்தேனான்னா? அது இருக்கட்டும் அக்கா, நேரம் போகுது. முதல்ல இதைக் கேளுங்க.

அதுக்கப்புறம் நான் மறந்தே போயிட்டேன். போன வருஷம் எங்க பக்கத்து வீட்டுக்கு சுடலைவடிவு கல்யாணம் ஆகி வந்தாள். என் வயசுதான். ஆனா எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாள், அவள் பேச நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். எங்களுக்குள் அப்படி ஒத்துப்போச்சு. அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வளைகாப்புக்கு யாரோ இந்தப் புஸ்தகத்தைக் கொடுத்திருந்தாங்க. உங்களுக்கும் அப்படித்தான் வந்ததா? பாருங்க. எல்லா வளைகாப்புக்கும் இதுதான் போகுது.

பிள்ளைக்கு மூணாம் மாசம். ஒரு நாள் காலையிலிருந்து காலை மடக்கி மடக்கி அழுதது. சுடலைவடிவு புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி பேச்சி, இங்க பாரு. ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களாம். ஓடைச்சுருளி இலை, வேளைக்கு மூணு, மூணு வேளைக்கு. தென் மாவட்டத்துல நூத்துக்கு எண்பத்திரெண்டு தாய்மார் இதைத்தான் குடுக்காங்களாம். நமக்குத்தாம்ட்டி ஒண்ணும் தெரியல."

எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நான் சொன்னது இழைன்னு ஞாபகம் இருந்தது. வேளைக்கு மூணுன்னெல்லாம் நான் சொல்லவே இல்லை. ஓடைச்சுருளிக் குழையை ஆடுகூட மோந்து பார்த்துட்டுத் தள்ளிப் போகும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா அச்சில் போட்டிருக்கே. படிச்சவங்க எழுதினது. கீழே நம்பர் போட்டுப் பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கே. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது? நம்மகிட்ட வாங்கிட்டுப் போன பிறகு பெரிய இடத்தில் வச்சுச் சோதிச்சுப் பார்த்திருப்பாங்க, இலைதான் சரின்னு கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, கொஞ்சம் பெருமையாக்கூட இருந்தது. நாம சொன்னது புஸ்தகத்தில் வந்திருக்கேன்னு.

அந்தக் கொடி எங்க கிடைக்கும்னு அவளுக்குத் தெரியலை. ஓடைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். நான் பறிக்கலை அக்கா. இடம்தான் காட்டினேன். அவள்தான் பறிச்சாள்.

காலையில் ஒரு வேளை கொடுத்தாள். அழுகை நின்னுடுச்சு. பார்த்தியாட்டி, புஸ்தகம்னா புஸ்தகம்தான்னு சொல்லிட்டுப் போனாள். மத்தியானம் ரெண்டாவது வேளை. கொஞ்ச நேரத்தில் அவள் கத்தின சத்தம் கேட்டு ஓடினேன். பிள்ளை வாயில் பச்சையா நுரை. கையைத் தூக்கினா துணி மாதிரித் தொங்குது. கண் பாதி மூடி, பாதி திறந்து. காலையில் நின்ன அழுகை வலி போய் நிற்கலை அக்கா. அழத் தெம்பில்லாமல் நின்னிருக்கு.

டிரைவர்கிட்ட வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டாம், உட்காருங்க. பயமுறுத்துறதுக்குச் சொல்லலை. பிள்ளை பிழைச்சுக்கிட்டாள். நாலு நாள் ஆஸ்பத்திரி, மூக்கில் குழாய், காலில் ஊசி. பிழைச்சுக்கிட்டாள். மகள்கிட்ட ஒரு போன் போட்டு, நான் வர்ற வரைக்கும் எதுவும் கொடுக்காதன்னு மட்டும் சொல்லிடுங்க. அவள்கிட்ட இலை இல்லைல்லா? உங்க பையில் இருக்கிறது மட்டும்தானே? சரி. சரி.

லைன் போகலையா? இந்த ஏற்றத்தில் டவர் கிடைக்காது. மாறாந்தை தாண்டினா கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் ரெண்டாம் நாள் சாயங்காலம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு. என்ன கொடுத்தீங்கன்னு கேட்டாங்க. சுடலைவடிவு புஸ்தகத்தைக் கையிலேயே வச்சிருந்ததால் அதை நீட்டினாள். டாக்டரம்மா நாப்பத்தொண்ணாம் பக்கத்தில் கீழே இருக்கிற பொடி எழுத்தைப் பார்த்தாங்க. போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சாங்க. பிள்ளை பக்கத்திலேயே நின்னுக்கிட்டுத் தேடினாங்க. நானும் கால்மாட்டில் நிற்கிறேன், கையில் பிள்ளையோட ஈரத்துணி.

அவங்க சொன்னது முழுக்க எனக்கு விளங்கலை, விளங்கினதைச் சொல்றேன். இந்தப் புஸ்தகம் எழுதினவர் ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்து எழுதியிருக்கார். அந்தப் பத்திரிகை ஒரு கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்கு. அந்தக் கட்டுரைக்காரர் இன்னொரு கட்டுரையைப் பார்த்திருக்கார். அது தர்ஷினி எழுதினதைப் பார்த்திருக்கு. வேளைக்கு மூணுன்னு சேர்த்தது பத்திரிகைக்காரர். அந்த எண்பத்திரெண்டு எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க. தர்ஷினியோட தீசிஸில் இது எண்பத்திரெண்டாம் பக்கத்தில் இருக்காம். முதல் ஆள் பக்கம் எண்பத்திரெண்டுன்னு சுருக்கிப் போட்டிருக்கார். அடுத்த ஆள் அதை நூத்துக்கு எண்பத்திரெண்டுன்னு ஆக்கிட்டார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கோபத்தில் வர்ற சிரிப்பு.

"ஒருத்தராவது முன்னாடி இருக்கிறதைத் திறந்து பார்த்திருக்காங்களா? ஒருத்தன் முதுகைப் பார்த்து ஒருத்தன் நடந்திருக்கான்."

அப்படிச் சொல்லிட்டுக் கடைசியா தர்ஷினி எழுதின தாளுக்கு வந்தாங்க. அதை மட்டும் சத்தமா வாசிச்சாங்க. தகவல் தந்தவர் எண் பதினேழு. பெண். வயது இருபத்திமூன்று. பீடித் தொழில்.

"எண்பத்திரெண்டு சதவீதமும் இல்ல, ஒரு சதவீதமும் இல்ல. அடியில இருக்கிறது இந்த ஒரே ஒரு பொம்பளை"ன்னாங்க.

ஊர்ப் பேர் போடலை. தெருப் பேர் போடலை. அந்தப் பொண்ணு அதில் மட்டும் கவனமா இருந்திருக்கிறாள்.

சுடலைவடிவு பிள்ளையைப் பார்த்துக்கிட்டே சொன்னாள். "அந்தப் பதினேழு மட்டும் என் கையில கிடைச்சாள்னா வாயைக் கிழிச்சுப்புடுவேன்." அப்புறம் என் தோளில் சாய்ஞ்சுக்கிட்டு அழுதாள். என் தோளில் அக்கா. நான் முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டு நின்னேன்.

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஈரத்துணியை எடுத்துக் கதவைத் துடைச்சேன். கதவு காஞ்சதும் லேசா வெள்ளைத் தடம் தெரிஞ்சது. திரும்பத் துடைச்சேன். தெருவில் மத்த வீட்டு நம்பரெல்லாம் பொங்கலுக்குப் பெயின்ட் அடிச்சதில் எப்பவோ போயிடுச்சு. எங்க கதவுதான் அப்படியே இருந்தது. சுடலைவடிவு தினமும் அந்தக் கதவைத் தட்டித்தான் உள்ளே வருவாள். பார்த்தாளா, பார்த்திருந்தும் நினைவில்லையா, தெரியலை. இன்னைக்குக்கூட என் மகனை அவள்கிட்டதான் விட்டுட்டு வந்திருக்கேன். எனக்குக் காது வலி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொய் சொன்னேன். பத்திரமாப் போயிட்டு வாட்டின்னு, பஸ்ஸில் பசிச்சா தின்னுன்னு முறுக்கு மடிச்சுக் கொடுத்தாள். இந்தா இருக்கு. தின்ன முடியலை. நீங்க எடுத்துக்கிறீங்களா?

எங்க போறேன்னா, தர்ஷினி படிச்ச அந்தக் காலேஜுக்குத்தான். டாக்டரம்மா பேர் சொன்னாங்க, அதை மனசில் வச்சுக்கிட்டேன். தப்பை அவங்கதான் சரி பண்ணணும். அவங்க சரி பண்ணினா கட்டுரைக்காரர் சரி பண்ணுவார், பத்திரிகை சரி பண்ணும், புஸ்தகம் சரியாகும். எந்த வழியா ஏறினதோ அதே வழியா இறங்கணும், இல்லையா? போன வாரமே ஒரு தடவை போனேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். வாயில் அதுதான் வந்தது. பஸ் ஏறினப்புறம்தான் அழுகை வந்தது.

இன்னைக்கு உள்ளே போயிடுவேன். சொல்றது வராதுன்னா காட்டிடலாம்னு உரைகல் கொண்டு வந்திருக்கேன். பாருங்க, இந்தத் துணிக்குள் இருக்கு. வேரும் ஒரு துண்டு இருக்கு. அவங்க மேஜை மேலேயே வச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இழைச்சுக் காட்டுவேன். இதான் நான் சொன்னது, லை இல்லை ழைன்னு சொல்வேன். ஒரு எழுத்துதானே. ஒரு எழுத்தை மாத்த அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? படிச்சவங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா, யார் சொன்னாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா, அந்தப் பிள்ளை மூக்கில் குழாய் ஏறியிருக்குமா? கேட்க என்ன அக்கா? வாய் இருக்குல்லா அவங்களுக்கு? என்னை மாதிரியா?

என்ன?

திரும்பவும் அதையே கேட்கிறீங்க.

இல்லை. என் பிள்ளைக்கு நான் கொடுத்ததில்லை.

அவனுக்கு வயிற்று வலி வந்ததே இல்லை, வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிடுவேன். இழைச்சதும் இல்லை. இந்த உரைகல்லே நேத்துத்தான் எதிர்வீட்டில் இரவல் வாங்கினேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? கொடுக்கலைன்னா தெரியாதுன்னு அர்த்தமா? கேள்விப்பட்டிருக்கேன்.

யார்கிட்டன்னா... பீடிக் கடையில். அந்தப் பொண்ணு வந்ததுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்னாடி. சுத்தின பீடியைக் கொடுக்க வரிசையில் நின்னேன். எனக்கு முன்னாடி நின்ன அம்மா அதுக்கு முன்னாடி நின்ன அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. "குட்டிக்கு வயிறு ஊதிப்போச்சு, ஓடைச்சுருளி மூணு இளை இளைச்சு ஊத்தினேன், அப்புறம்தான் எந்திரிச்சு நடமாடுச்சு"ன்னு. நல்லா ஞாபகம் இருக்கு. நீலச் சேலை. முகம் தெரியாது. முதுகுதான் பார்த்தேன்.

ஆமா, குட்டின்னுதான் சொன்னாங்க.

எங்க பக்கத்தில் பெண் பிள்ளையைக் குட்டின்னுதான் கூப்பிடுவோம் அக்கா. என் நாத்தனார் மகளைக்கூட இப்பவும் குட்டின்னுதான்...

ஊத்தினேன்னுதான் சொன்னாங்க. புகட்டினேன்னு சொல்லலை.

நான் கேட்கலை. எப்படிக் கேட்பேன், தெரியாதவங்க. எந்தக் குட்டின்னு போய்க் கேட்பேனா? வரிசை நகர்ந்தது, அவங்க போயிட்டாங்க. எனக்கு அது பிள்ளைன்னுதான் பட்டது. எனக்கு இடுப்பில் பிள்ளை இருந்ததால் பிள்ளைன்னு பட்டிருக்கலாம். அந்த அம்மா வீட்டில் ஆடு இருந்ததான்னு... ஊத்தினேன்னு யார் பிள்ளைக்குச் சொல்வாங்க? மூங்கில் குழாயில் வச்சு ஆட்டுக்குட்டிக்குத்தானே ஊத்துவாங்க.

கொஞ்சம் தண்ணி இருக்கா அக்கா?

ஒண்ணுமில்லை. ஜன்னலைத் திறந்துக்கிறேன்.

மூணு வருஷமா நான் இதை நினைச்சே பார்க்கலை. அந்தப் பொண்ணு காதைத் திட்டினேன். புஸ்தகக்காரனைத் திட்டினேன். எண்பத்திரெண்டுன்னு போட்டவனைத் திட்டினேன். அடியில் இருக்கிறது ஒரே ஒரு பொம்பளைன்னு டாக்டரம்மா சொன்னாங்களே, அந்தப் பொம்பளைக்கு அடியில் என்ன இருக்குன்னு அவங்களும் கேட்கலை. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததுக்கு ரெண்டு தடவை கேட்டீங்க.

இன்னைக்கு நான் அங்க போய் மூணு இழைன்னு இழைச்சுக் காட்டியிருந்தா, அதையும் எழுதியிருப்பாங்க, இல்லையா? திருத்தம்னு போட்டு. பதினேழாம் நம்பரே நேரில் வந்து சொன்னதுன்னு போட்டு. அதைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து இன்னொருத்தர்.

இந்தத் தண்ணி டேங்க் உங்க ஊர் எல்லைதானே? கண்டக்டர் வாசலுக்கு வர்றார். அக்கா, பேனா இருக்கா உங்ககிட்ட? புஸ்தகத்தைக் கொடுங்க. பக்கத்தை அமுக்கிப் பிடிச்சுக்கோங்க, பஸ் ஆடுது. இந்த இடம்தான். மூன்று இலை. இந்த லையை ழையா மாத்தி எழுதணும்னுதான் ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ழ எழுத எனக்கு நல்லா வரும். வாயில்தான் வராது.

வேண்டாம். மாத்த வேண்டாம்.

முழுசா அடிச்சிடுறேன். இந்த வரி, அடுத்த வரி, அந்தப் பொடி எழுத்து, எல்லாம். கோடு கோணலாப் போகுது, இருக்கட்டும். ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதிக்கிட்டுமா? எழுத்துப் பிழை வராது, இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்தை. பாருங்க. "தெரியாது". கீழே பதினேழுன்னு போட்டிருக்கேன்.

அங்கேயும் இதைத்தான் சொல்லப் போறேன். வாட்ச்மேன் கேட்டாலும், மேடம் கேட்டாலும். ஆனா இந்தத் தடவை சொல்லிட்டுத் திரும்பி வரமாட்டேன். அவங்க எழுதிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். பேர் கேட்டா பேரைச் சொல்வேன். அப்புறம் சுடலைவடிவுகிட்டயும் சொல்லணும், இந்த முறுக்கைத் திங்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். அவள் வாயைக் கிழிச்சாக் கிழிக்கட்டும்.

இறங்குங்க அக்கா, விசில் கொடுத்துட்டார். பார்த்து. கம்பியைப் பிடிச்சுக்கோங்க. மகள்கிட்ட டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க, நேரா டாக்டர்கிட்ட.

அக்கா. அக்கா, உங்க பை. கொடியோட சீட்டிலேயே விட்டுட்டு...

சரி. இருக்கட்டும், போங்க.